சிவப்புக் கொடித் துண்டின் நிறை

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன வாரம் டீவியில் பார்த்தேன். கோட் போட்டுக்கொண்டு, ஒரு சின்னப் போத்தலைத் தூக்கிக் காட்டி, ஒரு மூட்டை உரத்தின் வேலையை இது செய்யும் என்று சிரித்தாய். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் என் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் கை தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தக் கடிதத்தை நாளைக்குத் தேத்தண்ணி நேரத்தில் மலையில் கொழுந்து எடுக்கிற எங்கள் கேங் முழுவதற்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பதுளைக்குப் போய்த் தபாலில் போடப்போகிறேன். உனக்கும் எனக்கும் மட்டும் என்று இதில் ஒன்றும் இல்லை.

ஆறு வாரத்துக்கு முன்னால் நீ போனில் கோல் எடுத்தாய். அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் உன்னைக் கேட்டதே இல்லை. நனோ ஆராய்ச்சிக்கு அரசாங்கம் இரண்டாம் கட்டக் காசு ஒதுக்கிவிட்டது, மந்திரியே நம்ம தோட்டத்துக்கு வந்து தொடக்கி வைக்கிறார், இனிமேல் கீழ் டிவிஷன் முழுவதும் மூட்டை உரம் கிடையாது, எல்லா மலைக்கும் போத்தல்தான் என்றாய். விழாவில் கொழுந்து எடுக்கிற பெண்கள் சார்பாக நான்தான் மாலை போட வேண்டுமாம், இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். "நானே எழுதி அனுப்புறேம்மா, நீங்க பாத்து வாசிச்சா போதும்" என்றாய். அதுவரை அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன்: "தம்பி, அந்த நிறை பொய்ப்பா. நாங்க கலந்துதான் போட்டோம்." நீ, "அம்மா, அதையெல்லாம் போன்ல பேசாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். என்ன பொய், யார் கலந்தது, எதைக் கலந்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. போனில் பேசாதே என்றாய், சரி, எழுதுகிறேன். சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவள்தானே நான், எழுத்து ஒன்றும் மறந்துபோகவில்லை.

முதலில் என் குற்றத்தைச் சொல்கிறேன். நீ இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொடிகளோடு வந்து இறங்கினாயே, அன்றைக்கு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூன்றாம் நம்பர் மலையில் மேல் துண்டுக்குச் சிவப்புக் கொடி நட்டாய். அதற்கு உன் போத்தல் மருந்து. கீழ்த் துண்டுக்கு வெள்ளைக் கொடி. அதற்கு வழக்கமான மூட்டை உரம். இரண்டும் ஒரே வயசுத் தேயிலை, ஒரே நாளில் கவ்வாத்து வெட்டினது. எதில் கொழுந்து கூட வருகிறது என்று ஒரு வருஷம் நிறுத்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி என்றாய். அடுப்படியில் உட்கார்ந்து ஓர் அரிசியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, இதைக் கோடித் துண்டாக நொறுக்கினால் எவ்வளவு சின்னதாக இருக்கும், அவ்வளவு சின்னத் தூள்தான் அந்த மருந்தில் இருக்கிறது, இலை வழியாகவே உள்ளே போய்விடும் என்று விளக்கினாய். எனக்குப் பாதி புரிந்தது, மீதிக்கு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சிக்குக் காசு கொடுப்பதை நான் அன்றைக்கும் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. உரம் சுமந்து தோள் தேய்ந்தவர்களுக்கு அந்தச் சுமை குறைந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

கொழுந்து எடுத்த இரண்டாவது ரவுண்டிலேயே உன் துண்டு பின்தங்கிவிட்டது. நிறை எழுத நீ அனுப்பிய மிஸ் தராசுப் பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நம்ம பாஷை அவ்வளவு வராது. ஆனால் சிவப்புக் கொடிச் சாக்கு தராசில் ஏறும்போதெல்லாம் அவள் முகம் வாடுவது எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே உனக்குக் கோல் எடுத்தேன். நீ சொன்னது ஒரு சொல்லும் மாறாமல் என் காதில் இருக்கிறது: "ரெண்டு வருஷத்துக்குத்தாம்மா காசு. பலன் இல்லன்னு எழுதினா அடுத்த கட்டம் கெடையாது. என்னையும் வீட்டுக்கு அனுப்பிருவாங்க." அதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மறுநாள் மலையில் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே அதைப் புஷ்பராணியிடம் சொன்னேன். அவள் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். எங்கள் கேங்கில் அவள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் அது முடிந்த மாதிரிதான்.

எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஒருத்தி வாயும் வயிறுமாக இருந்தாலோ, காய்ச்சலோடு மலைக்கு வந்தாலோ, அவளால் அன்றைய கிலோவை எடுக்க முடியாது. கிலோ குறைந்தால் அரை நாள் சம்பளம்தான். அதனால் நிறுக்கப் போகும்முன் ஆளுக்கு இரண்டு பிடி அவள் சாக்கில் போட்டுவிடுவோம். யாரும் கேட்கவும் மாட்டார்கள், யாரும் சொல்லிக்காட்டவும் மாட்டார்கள். உன்னை வயிற்றில் சுமந்த மாதங்களில் எனக்கும் அப்படித்தான் போட்டார்கள். புஷ்பராணி சொன்னாள்: "ஏங்க்கா, முழுகாம இருக்கிறவளுக்குப் போடுறோம், காய்ச்சக்காரிக்குப் போடுறோம். இது நம்ம புள்ளையோட துண்டு. இதுக்குப் போட மாட்டோமா?" அவ்வளவுதான். சிவப்புக் கொடித் துண்டை முதலில் எடுத்து முடித்து, அந்தச் சாக்குகளைப் பாதை ஓரத்தில் வைத்துவிட்டு வெள்ளைக் கொடிக்கு இறங்குவோம். திரும்பி ஏறி வரும்போது, கீழே எடுத்த கொழுந்தில் ஆளுக்கு இரண்டு பிடி, சில நாள் மூன்று பிடி, சிவப்புச் சாக்கில் விழும். உன் துண்டை ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் போலப் பார்த்துக்கொண்டோம். அடுத்த ரவுண்டில் அந்த மிஸ் சிரித்தாள். எங்களுக்கும் சந்தோஷம். அது திருட்டு என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் என் மகன்தான் எனக்கு அரிசியை வைத்து விளக்கியவன். தெரிந்தும் நான் செய்தேன், மற்றவர்கள் என்னை நம்பிச் செய்தார்கள்.

இப்போது உன் குற்றத்துக்கு வருகிறேன். கடைசி நிறைக்கு நீயே வந்தாய். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தராசுக்கு அந்தப் பக்கம் நின்றாய். எங்களில் சின்னவள் கலா, நீ வந்திருப்பது தெரியாமல், வெள்ளைக் கொடிச் சாக்கிலிருந்து ஓர் அணைப்புக் கொழுந்தை அள்ளிச் சிவப்புச் சாக்கில் கொட்டினாள். உனக்கும் அவளுக்கும் நடுவில் பத்தடி கூட இல்லை. நீ பார்த்தாய். அடேய், நீ பார்த்ததை நான் பார்த்தேன்! இப்போது சத்தம் போடப்போகிறான், எல்லாச் சாக்கையும் கவிழ்க்கச் சொல்லப்போகிறான், என்னை எல்லார் முன்னாலும் கிழிக்கப்போகிறான் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால், நீ அப்படித் திட்ட வேண்டும் என்றுதான் அந்த நிமிஷத்தில் என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. நீ என்ன செய்தாய்? அந்த மிஸ் பக்கம் திரும்பி, சிங்களத்தில் ஏதோ கேட்டு, அவள் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தாய். உன் காது மட்டும் சிவந்துவிட்டது. சின்ன வயதில் சீனி டின்னைத் திறந்துவிட்டு என் முன்னால் நிற்கும்போது சிவக்குமே, அதே மாதிரி. அன்றைக்கு மத்தியானம் வீட்டில் சோறு போட்டேன். மாசிக் கருவாட்டுச் சம்பல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, தெமோதரையில் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டாய்.

உன் அப்பா இருந்திருந்தால் அன்றைக்கு உன்னைத் தட்டில் கை வைக்க விட்டிருக்க மாட்டார். அவரைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை பேசாத ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபெக்டரியில் அவர் வேலை செய்தபோது ஒரு நாள் தேயிலை அடுப்பில் கூடுதலாகக் காய்ந்து கருகிவிட்டது. பிழை அவருடையது இல்லை, அடுப்பைப் பார்க்க வேண்டிய டீமேக்கர் எங்கோ போய்விட்டார். அந்தத் தூளை நல்ல தூளோடு கலந்து அனுப்பிவிடலாம் என்றார்கள். உன் அப்பா நேராகத் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையிடம் போய், "கருகிப்போச்சுங்க, கலக்கப் பாக்கிறாங்க" என்று சொல்லிவிட்டார். அவருக்கு வர இருந்த சுப்பவைசர் வேலை அத்தோடு போச்சு. அன்றைக்கு வீட்டில் நான் போட்ட சத்தத்தில் லயமே கூடிவிட்டது. "ஊருக்கெல்லாம் உண்மை சொல்லப் பொறந்தவரா நீங்க? வாய மூடிட்டு இருந்தா என்ன?" என்று கத்தினேன். நீ அப்போது ஏழாம் வகுப்பு. மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாய், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். வாயை மூடிக்கொண்டு முன்னேற உனக்குக் கற்றுக் கொடுத்தது பல்கலைக்கழகம் இல்லை, நான்தான். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவரிடம் கேட்கத்தான் இனி முடியாது.

ஆனால் உன்னைச் சும்மா விடப்போவதில்லை. நீ கோலை வைத்த மறுநாள் நான் தோட்டத்து ஒஃபீசுக்குப் போனேன். துரையிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கோபப்படக் கூட இல்லை, சிரித்தார். "அம்மா, காசு வந்திருச்சு. போத்தல் லொறியும் வரப்போவுது. ஒங்க மகன் டொக்டர் பட்டம் வாங்கினவரு, நீங்க கொழுந்து எடுக்கிறவங்க. இதைப் போட்டு ஏன் கொழப்புறீங்க?" என்றார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இந்த வரிசையில் உண்மை யாருக்குமே வேண்டாம். காசு கொடுத்த அரசாங்கத்துக்குக் கொடுத்தது வீணாகவில்லை என்று காட்ட வேண்டும். உன் நிறுவனத்துக்கு அடுத்த கட்டக் காசு வேண்டும். தோட்டத்துக்கு மூட்டை உரச் செலவு மிச்சமாக வேண்டும். மந்திரிக்குப் படம் வேண்டும். வேலை செய்யவில்லை என்று ஒருவன் எழுதினால் அவனுக்குக் காசு இல்லை, செய்கிறது என்று எழுதினால் காசு உண்டு என்றால், அதற்குப் பெயர் ஆராய்ச்சியா? மழை பெய்தால் எங்கள் லயத்துக்கு ஏறுகிற பாதையில் கர்ப்பிணியைத் தூக்கிக்கொண்டுதான் போகிறோம். அந்தப் பாதைக்குக் காசு கேட்டால் நூறு தாள் கேட்டு, நூறு கேள்வி கேட்கிறார்கள். உன்னிடம் ஒரு கேள்வி கேட்க ஆளில்லை. கேட்டிருந்தால் நானே பதில் சொல்லியிருப்பேன். போத்தலைக் கொண்டாந்து கொட்டுகிறார்கள், பாவிகள்.

அந்தப் போத்தல் கீழ் டிவிஷன் முழுவதற்கும் வந்தால் என்ன ஆகும் என்று நீ யோசித்தாயா? முன்னால் உரமே கிடைக்காத அந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்காது, நீ கொழும்பில் இருந்தாய். மலை மஞ்சளடித்துக் கிடந்தது. நாள் முழுக்கக் கிள்ளினாலும் சாக்கின் அடி மறையவில்லை. விடிய வெளிக்கிட்டு வேலைக்குப் போனவர்கள் அரை நாள் சம்பளத்தோடு திரும்பினார்கள். பசறையில் கடை வைத்திருக்கிற என் தம்பி கடனுக்குக் கோதுமை மா கொடுத்ததால் நம் அடுப்பு எரிந்தது. மற்றவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. அது மாதிரி இன்னொரு வருஷத்தை எங்கள் தலையில் கொண்டுவந்து வைக்கிறாய். அதுவும் எங்கள் கைப்பிடிக் கொழுந்தைக் காட்டியே வாங்கிய காசில். வெட்கமாக இல்லையா உனக்கு?

துரை சிரித்து அனுப்பிய அன்றைக்குச் சாயந்தரம் கேங்கைக் கூட்டினேன். நீ பார்த்ததையும் சொன்னேன், போனில் பேசாதே என்றதையும் சொன்னேன். பெரிய சண்டை. புஷ்பராணி என்மேல் பாய்ந்தாள்: "அப்ப நாங்கதான் கள்ளிங்களா? ஒங்க மகனுக்காகத்தானே செஞ்சோம்?" அழுதாள், திட்டினாள், மண்ணை வாரி இறைக்காத குறை. எல்லாம் ஓய்ந்த பிறகு கலாதான் வாயைத் திறந்தாள். அவள் இப்போது ஏழு மாசம். "சரிக்கா, மறுபடி நிறுத்துப் பாப்போம். துண்டுலதான் இன்னும் மருந்து அடிக்கிறாங்களே. இந்த வாட்டி ஒரு எலை கூட மாறக் கூடாது" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, "எனக்கும் போடாதீங்க. எனக்குன்னு கை நீட்டினா மறுபடி கலந்திரும்" என்றாள். நான் வேண்டாம் என்றேன். புஷ்பராணியும் வேண்டாம் என்றாள். அவள் கேட்கவில்லை.

ஐந்து ரவுண்டு அப்படி எடுத்தோம். சிவப்புத் துண்டை எடுத்து முடித்ததும் சாக்குகளின் வாயைக் கட்டி, நான் பக்கத்தில் நின்று, தராசில் ஏற்றிய பிறகுதான் வெள்ளைக்கு இறங்கினோம். ஐந்து நாளும் கலாவுக்குக் கிலோ வரவில்லை. ஐந்து நாளும் அவளுக்கு அரை நாள் சம்பளம்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தராசைப் பார்த்து நின்றாளே, அவள் சாக்கில் ஒரு பிடி போட முடியாமல் எங்கள் கைகள் தவித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நீ ஏசி அறையில் செய்ய வேண்டிய வேலையை ஒரு பிள்ளைத்தாய்ச்சி தன் சம்பளத்தைக் கொடுத்துச் செய்து முடித்திருக்கிறாள். ஐந்து ரவுண்டின் நிறையும் இதோடு இருக்கிற தாளில் இருக்கிறது. என் கையெழுத்து, கணக்கப்பிள்ளை சரிபார்த்தது. ஒரு ரவுண்டில் கூட சிவப்புக் கொடி வெள்ளையை எட்டவில்லை. ஐந்து ரவுண்டு போதாது, ஒரு வருஷம் வேண்டும் என்று நீ சொல்வாய். சரி. அந்த ஒரு வருஷத்தை ஒழுங்காகச் செய் என்றுதான் நானும் சொல்கிறேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு காசு கொடுத்தவர்களிடம் போ. பழைய நிறை கலந்த நிறை, அதை எடுத்தவர்கள் கலந்தார்கள், எனக்கும் தெரியும் என்று சொல். வேலை போகலாம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, ராசா. மழையிலும் வெயிலிலும் கொழுந்து எடுத்து உன்னைப் படிக்க வைத்துவிட்டு, அந்தப் படிப்பைத் தூக்கிப் போடு என்று எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். வேலை போனால் வீட்டுக்கு வா. பக்கத்து லயத்தில் என்ன பேசுவார்கள் என்று யோசிக்காதே. பேசுகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். வெலிமடையில் தோட்டம் செய்கிறவர்களுக்கு மண்ணைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமாம், பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லையாம், உனக்குப் பிழைப்பா இல்லை? நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் உன் காது சிவந்திருக்காது. அதை நம்பித்தான் இவ்வளவும் எழுதினேன்.

விழா வருகிற சனிக்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் நீ சொல்லிவிட்டால் பந்தலை அவர்களே பிரிப்பார்கள். சொல்லாமல் மந்திரியின் வாகனத்தில் நீயும் வந்து இறங்கினால், நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு மேடைக்கு வருவேன். நீ எழுதி அனுப்பினதை வாசிக்க மாட்டேன். கலா, புஷ்பராணி, கேங் முழுவதும் என் பின்னால் ஏறி நிற்பார்கள், பேசி வைத்துவிட்டோம். முதலில் நாங்கள் செய்ததைச் சொல்வேன். அதன் பிறகு, நீ பார்த்ததைச் சொல்வேன்.

உன் அம்மா